பால்கோவா வாங்கப் போகிறீர்களா?

ராஜபாளையத்துக்காரர்கள் வெளியூர் போனால் எதை வாங்கிக்கொண்டு போவார்கள்? சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைத்தான்!

அதில் சேருவது பாலும் சீனியும் மட்டுமே. பால் சுண்டச் சுண்டக் கை ஓயாமல் கிண்டவேண்டும். கொஞ்சம் அசந்தால் அடிப்பிடித்துவிடும்!

2019-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ச் சரக்கை இந்தப் பெயரில் விற்பது குற்றம்.

ஆனால் நடப்பது என்ன? எந்த ஊர் பஸ் நிலையத்திலும் "ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா" என்று பலகை தொங்குகிறது. அத்தனையும் அந்த ஊர் அடுப்பில் கிண்டியதுதானா? போலிச் சரக்கு, மாடு வளர்ப்பவர் வயிற்றிலும் அடுப்படியில் வேகும் தொழிலாளி வயிற்றிலும் அடிக்கிறது.

பலகையை நம்பாதீர்கள். பெட்டியில் தயாரித்த ஊரும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துளி வாயில் போட்டுப் பாருங்கள். மாவு ருசி தட்டினால், பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்!