ஹெட்போனைப் பழக்குவதா, செவியைப் பழக்குவதா?

சென்ற திங்கள் இப்பகுதியில் மின்கட்டணச் சீட்டைப் படிக்கும் முறையை எழுதியிருந்தோம். அதன்பின் தம் வீட்டுச் சீட்டை எடுத்துக் கணக்குப் பார்த்ததாகச் சங்கத்தில் அன்பர் சிலர் கூறினர், மகிழ்ந்தோம். இத்திங்கள் எடுத்துக்கொள்ளும் பொருள் ஹெட்போன். ‘இது இளைஞர்களின் விளையாட்டுப் பொருள் அன்றோ? குடும்ப ஏட்டில் இதற்கு என்ன இடம்?’ என்று பெரியோர் முகம் சுளிக்க வேண்டா. நம் வீட்டுக்கு அது வந்தது எழுபத்து நான்கு வயதுப் பெரியவர் ஒருவருக்காக. அது கற்பித்த பாடத்திற்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று. அப்பிழையை அன்பர்கள் மீண்டும் செய்யாதிருத்தற்பொருட்டே இதனை எழுதுகிறோம்.

நம் தாயார் மறைந்தபின், தந்தையார் கும்பகோணத்தை விட்டு நாகபுரியில் உள்ள நமது ரயில்வே குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார். இவ்வூர் மொழி அவருக்குத் தெரியாது; பேசுதற்குத் தோழரும் இல்லை. இரவு உணவுக்குப்பின் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பது ஒன்றே அவருடைய இன்பம். அதிலும் எம். டி. இராமநாதன் பாட்டென்றால் அவருக்கு உயிர். 1984ஆம் ஆண்டில் மறைந்த அம்மேதையை இளமையில் நேரில் கேட்டவர் அவர். வயது ஏற ஏறச் செவி மந்தமாயிற்று. செவி மந்தமாக ஆக, வானொலிப் பெட்டியின் ஓசை உயர்ந்தது.

அடுத்த வீட்டில் இருப்பவர் சரக்கு வண்டியின் லோகோ பைலட். நள்ளிரவில் வண்டி ஏறவேண்டியவர் முன்னிரவில் உறங்கியே ஆகவேண்டும். அவர் கண் அயர்ந்தால் நேரக்கூடியது என்னவென்று ரயில்வேயில் ஊதியம் பெறும் நமக்குச் சொல்லவேண்டுவதில்லை. ஒருநாள் அவருடைய மனைவியார் வந்து, மிகுந்த தயக்கத்துடன் இரண்டு சொல் சொல்லிப் போனார். தந்தையாருக்கு இந்தி விளங்காவிடினும் செய்தி விளங்கிற்று. மறுநாள் முதல் பெட்டியைத் தொடவில்லை. உணவு முடிந்ததும் தாழ்வாரத்தில் வந்து, இருட்டைப் பார்த்து அமர்ந்திருப்பார். “பாட்டு வைக்கட்டுமா அப்பா?” என்றால், “கேட்டதெல்லாம் போதும்பா” என்பார்.

இந்நிலையில்தான் பூஜைக்கு முன் வந்த போனஸ் பணத்தில் நல்லதொரு ஹெட்போன் வாங்கினோம். நம் அலுவலகத் தமிழ் நண்பர் ஒருவரும் அதே வகையில் ஒன்று உடன் வாங்கினார். ஹெட்போனில் திறந்த வகை, மூடிய வகை என இரண்டு உண்டு. திறந்தது வெளியிலும் ஓசையைக் கசியவிடும். மூடியது பெரும்பாலும் உள்ளேயே நிறுத்தும். நம் சுவர் மெல்லியது. ஆதலின் மூடிய வகையைத் தேர்ந்தோம். அவ்வளவில் நம் அறிவு சரியாகவே வேலை செய்தது. பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த ‘250 ஓம்’ என்பதை மட்டும் நாம் பொருட்படுத்தவில்லை.

கைபேசியில் பொருத்தித் தந்தையாருக்கு அணிவித்தோம். ஓசையை முழுமையாக வைத்தும், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. நம் செவிக்கே மெலிந்து ஒலித்தது அவர் செவிக்கு எப்படி எட்டும்? ஏமாந்தோமோ என்று கலங்கி நண்பரிடம் கூறினோம். அவரோ, “புதுச் செருப்புப் போல, புது ஹெட்போனும் பழகவேண்டும். நூறு மணி நேரம் ஓடவிட்டால் உள்ளிருக்கும் சவ்வு இளகி, ஓசை தானே மலரும்” என்றார். வேறு சிலரும் இதனையே சொன்னார்கள். இருநூறு மணி என்றாரும் உளர்.

அவ்வாறே நம்முடையதை அலமாரியில் துணிகளுக்கிடையே வைத்து, இரவும் பகலும் நான்கு நாள் பாடவிட்டோம். ஐந்தாம் நாள் அணிந்த தந்தையார், “இப்போது நன்றாகத்தான் இருக்கிறது” என்று தலையசைத்தார். பழக்கியதன் பயன் கண்டோம் என்று மகிழ்ந்து, பத்து நாள் அம்மகிழ்ச்சியிலேயே இருந்தோம்.

பதினோராம் நாள் இரவு, தண்ணீர் கொடுக்கச் சென்றபோது, தந்தையார் ஹெட்போனை அணிந்து, கண்மூடி, விரலால் தொடையில் தாளமிட்டுக்கொண்டிருந்தார். அருகிலிருந்த கைபேசியை எடுத்துப் பார்த்தோம். மின்சேமிப்புத் தீர்ந்து அது எப்போதோ அணைந்துபோயிருந்தது. நம்மைக் கண்டதும் அவர் கை நின்றது. சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நீ இவ்வளவு பணம் போட்டு வாங்கியிருக்கிறாய், கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது?” என்றார்.

அன்றிரவு நாம் உறங்கவில்லை. மறுநாள் நண்பரை வரவழைத்தோம். நல்வாய்ப்பாக அவருடைய ஹெட்போன் இன்னும் பெட்டியைவிட்டு வெளிவராமலே இருந்தது. நூறு மணி ஓடியது ஒன்று, ஓடாதது ஒன்று. கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, மூன்றாமவர் ஒருவர் மாற்றி மாற்றி அணிவிக்க, எது பழகியது, எது புதியது என்று பத்து முறை சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. நாம் ஐந்து முறை சரியாகச் சொன்னோம். நண்பர் நான்கு முறை. காசைச் சுண்டிவிட்டுச் சொன்னாலும் இவ்வளவு கிட்டியிருக்கும்!

அப்படியாயின், ‘நாளாக நாளாக இனிமை கூடிற்று’ என்று பலர் சொல்வது பொய்யா? பொய்யன்று. மாறுவது எது என்பதில்தான் பிழை. இக்குடியிருப்புக்கு வந்த முதல் வாரத்தில், பெட்டிகள் மோதும் ஓசையிலும் எஞ்சின் ஊதுகுழலிலும் நாம் இமை மூடவில்லை. ஒரு திங்கள் சென்றதும் ஒன்றும் கேட்கவில்லை, நன்றாக உறங்கினோம். தண்டவாளமா மாறிற்று? மாறியது நம் செவியும் மனமும். புது ஹெட்போனின் ஓசைச் சாயலும் அத்தகையதே. முதல்நாள் விந்தையாகத் தோன்றுவது, இரண்டு வாரத்தில் இயல்பாகிவிடும். சவ்வின் இளக்கம் சிறிது உண்டெனினும், அது செவி பிரித்தறியும் அளவினதாக இருப்பது அரிது. அணிய அணிய மெய்யாக மாறுவது காதைச் சுற்றியுள்ள மெத்தையே. அது முகத்துக்கேற்பப் படிந்து இடைவெளியை அடைக்கும்போது கீழ்ஓசை வலுப்பெறும். அதற்குத் தலையில் அணியவேண்டுமே அன்றி, அலமாரியில் பாடவிட்டுப் பயனில்லை.

இனி, மெலிந்த ஓசைக்கு உண்மைக் காரணத்தைப் பார்ப்போம். கணக்கு எளிது. பெட்டியில் இரண்டு எண்கள் இருந்தன: 250 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல். முன்னது மின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் எதிர்ப்பு. பின்னது, கொடுத்த மின்திறனுக்கு அது தரும் ஓசை. நம் கைபேசி உச்சமாகத் தருவது ஏறத்தாழ அரை வோல்ட். அரையை அரையால் பெருக்கினால் 0.25, அதை 250ஆல் வகுத்தால் 0.001 வாட், அதாவது சரியாக 1 மில்லிவாட். ஆகவே ஓசையின் உச்சமே 96 டெசிபெல்தான். கச்சேரியில் உச்சத்துக்கும் சராசரிக்கும் 15 முதல் 20 டெசிபெல் வரை இடைவெளி இருக்கும். பழைய ஒலிப்பதிவுகள் பல அதனினும் தாழ்ந்த அளவில் பதிவானவை. மிஞ்சுவது இயல்பான பேச்சொலி அளவே. மந்தமான செவிக்கு அது எம்மாத்திரம்?

அதே உணர்திறனுடன் 32 ஓம் ஹெட்போனை வாங்கியிருந்தால், அதே அரை வோல்ட்டுக்கு ஏறத்தாழ 8 மில்லிவாட் கிடைத்து, ஓசை 105 டெசிபெலை எட்டியிருக்கும். பேயர்டைனமிக் நிறுவனத்தின் டி.டி. 880 என்னும் ஒரே பெயர்கொண்ட ஹெட்போன் 32, 250, 600 ஓம் என மூவகையில் விற்பனைக்கு வந்தது. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் என்ன ஆகும் என்பதை இதனால் அறியலாம். கைபேசிக்கு 32 ஓம் போன்ற குறைந்த எண் பொருந்தும். பெரிய எண்ணுக்கு ஆம்ப்ளிபயர் வேண்டும். இத்தனை பெட்டிக்கு இன்ன எஞ்சின் என்று நாம் நாள்தோறும் பார்க்கிறோம். ஏற்றத்தில் பாரவண்டி நின்றுவிட்டால், பெட்டிகளை நூறு மணி நேரம் உருட்டிப் பழக்குவோமா? ஏற்ற எஞ்சினை அன்றோ பூட்டுவோம்!

ஆகவே, 2 வோல்ட் தரவல்ல சிறு ஆம்ப்ளிபயர் ஒன்றை வாங்கினோம். கட்டைவிரல் அளவே உள்ளது. கைபேசியின் மின்னேற்றத் துளையிலேயே பொருந்துவது. விலை ஹெட்போனின் விலையில் ஐந்தில் ஒரு பங்கும் இல்லை. வோல்ட் இரட்டித்தால் 6 டெசிபெல் கூடும். அரையிலிருந்து இரண்டுக்கு இருமுறை இரட்டிப்பு. ஆக 12 டெசிபெல் கூடி, உச்சம் 108 ஆயிற்று.

ஆம்ப்ளிபயர் வாங்குவோர் இன்னுமொரு எண்ணையும் பார்க்கவேண்டும். அதற்கும் தனக்கென ஓர் உள்ளெதிர்ப்பு உண்டு. அது ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று; 32 ஓமுக்கு 4, 250க்கு 31. மிகுந்தால், பல ஹெட்போன்களில் கீழ்ஓசை தேவையின்றி வீங்கி, மிருதங்கத்தின் தொப்பி ஒலி குடம்போல் முழங்கும். இவ்வளவும் பொருந்தியபின், பன்மடங்கு விலை கொடுத்து வாங்கும் ஆம்ப்ளிபயர் செவிக்கு எட்டும் அளவில் மேலும் தருவது மிகச் சிறிதே. செருகும்போது ஓசையைச் சுழியத்தில் வைத்துப் பின்னர் மெல்ல உயர்த்துக.

ஆம்ப்ளிபயர் வந்த பின்னும் ஒரு குறை இருந்தது. இராமநாதன் குரல் மந்தர ஸ்தாயியில் இறங்கும்போது மெலிந்து போயிற்று. காரணம், தந்தையாரின் மூக்குக்கண்ணாடி! அதன் காம்பு மெத்தைக்கும் கன்னத்துக்கும் இடையே சந்து விட்டிருந்தது. கீழ்ஓசை முழுதும் அதன் வழியே போய்விட்டது. பாட்டுக் கேட்கக் கண்ணாடி எதற்கு? கழற்றி வைத்ததும் குரல் நிறைந்து வந்தது. அப்போது தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை; நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. கேட்கவில்லை என்பதற்காக ஓசையை ஏற்றிக்கொண்டே போவது, இருக்கும் செவியையும் இழக்கும் வழி. மந்தமான செவிக்கும் பேரோசை தீங்கே. வளர்ந்தோர் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கத்தக்க அளவு 80 டெசிபெல் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடுந்தோறும் நேரம் பாதியாகும்: 83 எனில் 20 மணி, 86 எனில் 10 மணி, 89 எனில் 5 மணி. தந்தையாரைச் செவி மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். முதுமையில் முதலில் தேய்வது மேல்ஓசையே என்றும், பேச்சில் சில எழுத்துகள் விளங்காமை அதனால்தான் என்றும், அதற்குச் செவித்துணைக் கருவியே மருந்து என்றும், பாட்டு இரவில் ஒரு மணிக்கு மேற்படாது, மிதமாக இருக்கட்டும் என்றும் அவர் கூறினார். இந்த ஆலோசனையை ஹெட்போன் வாங்குமுன்னரே பெற்றிருக்கவேண்டும். பெறாதது நம் பிழை. இப்போது பகலில் பேச்சுக்குச் செவித்துணைக் கருவி. இரவில் பாட்டுக்கு, ஓசையை ஓர் அளவில் நிறுத்திவைத்த ஹெட்போன்.

சென்ற வாரம் ஓரிரவு தந்தையார் ஹெட்போனைக் கழற்றி நம்மை அழைத்தார். “இன்றைக்கு மிருதங்கம் கொஞ்சம் அதிகமாக அடிக்கிறது, குறைத்து வை” என்றார். அவர் குறை சொன்னது அதுவே முதல்முறை. ‘நன்றாக இருக்கிறது’ என்று அவர் பத்து நாள் சொன்னபோது வராத நிம்மதி, அக்குறையைக் கேட்டபோது வந்தது. சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார் அமைதியாக உறங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டில் முதியோர் உள்ள அன்பர்களுக்கு ஒன்று கூறி முடிப்போம். வாங்குமுன் பெட்டியிலுள்ள எண்களைப் பாருங்கள். பழக்கும் மணிக்கணக்கை நம்பிக் குறையுள்ள பொருளை வைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும் நாளைக் கடத்திவிடாதீர்கள். முதியோர் ‘போதும்’ என்றால், அவ்வொரு சொல்லோடு நின்றுவிடாமல், ஒருமுறை நீங்களும் அணிந்து பாருங்கள். சங்கத்தின் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நம் ஹெட்போனையும் ஆம்ப்ளிபயரையும் கொண்டுவருவோம். வேண்டுவோர் தம் பெரியோரை அழைத்து வந்து கேட்டுப் பார்க்கலாம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு!