பள்ளிகளை இணைக்கும் முன் ஊரையும் சேரியையும் இணையுங்கள்

பள்ளிச் சீரமைப்பு என்ற பேச்சு தமிழ்நாட்டில் மூன்று வடிவங்களில் வந்துகொண்டிருக்கிறது. மாணவர் எண்ணிக்கை குறைந்த தொடக்கப் பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு இணைப்பது ஒன்று. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறைக்கு மாற்றுவது இரண்டாவது. தொடக்கப் பள்ளிகளின் முழு அதிகாரத்தையும் ஊராட்சி ஒன்றியங்களிடம் ஒப்படைப்பது மூன்றாவது. மூன்றையும் நிர்வாக வசதி பற்றிய பேச்சாகவே அதிகாரிகள் முன்வைக்கிறார்கள். எந்தத் துறை, எத்தனை ஆசிரியர், எத்தனை மாணவர் என்ற கணக்கோடு விவாதம் முடிந்துவிடுகிறது. பள்ளி நிற்பது ஊரிலா, சேரியிலா என்ற கேள்வி அந்தக் கோப்புகளில் இடம்பெறுவதில்லை.

கடலூர் மாவட்டத்தில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு நூற்றுக்கு 29 பேருக்கு மேல் பட்டியல் சாதியினர். மாநிலச் சராசரி 20. மாவட்டத்தில் 683 ஊராட்சிகள். காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், புவனகிரி என்று எந்தப் பக்கம் போனாலும் ஊர்த்தெரு தனி, சேரி தனி. ஊராட்சி அலுவலகம், நியாயவிலைக் கடை, பேருந்து நிறுத்தம் ஆகியவை பெரும்பாலும் ஊரில் இருக்கின்றன. பிள்ளைகள் படிக்க ஊரில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி, சேரியில் ஓர் ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்று இருக்கும் இடங்களும் உண்டு. ஒரே ஊராட்சிக்கு இரண்டு பள்ளிகள் எதற்கு என்று அதிகாரி கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு பள்ளிகள் ஏன் வந்தன என்பதற்குப் பதில் சொல்லாமல், எதை மூடுவது என்று முடிவெடுக்கும் தகுதி யாருக்கும் இல்லை.

நூறாண்டுக்கு முன் பொதுப் பணத்தில் நடந்த பள்ளிகள் அக்கிரகாரத்திலும் கோயிலை ஒட்டியும் சத்திரங்களிலும் இருந்தன. அந்தத் தெருக்களில் நுழையவே அனுமதி இல்லாத பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்குப் போவார்கள்? எல்லோரும் வரக்கூடிய இடத்தில் பள்ளியை வைக்க வேண்டும் என்று சென்னை மாகாண அரசு ஆணை போட வேண்டி வந்தது. ஆணைகளை ஊர் மதிக்கவில்லை. அதனால்தான் தொழிலாளர் துறையின் பெயரில் சேரிகளில் தனிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. முதியவர்கள் இன்றும் 'லேபர் ஸ்கூல்' என்று சொல்வது இந்தப் பள்ளிகளைத்தான். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அவற்றின் வழியில் வந்தவை. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கியதும் இதே காரணத்தால்தான். நந்தனாரின் பெயரைச் சொல்லி, நந்தனாரின் மக்களுக்குக் கதவடைத்த நகரத்திலேயே அவர் ஒரு கல்விக்கூடத்தை எழுப்பினார். தென்னார்க்காட்டின் உழைக்கும் மக்களில் பல தலைமுறைகள் அங்கு எழுத்தறிந்தன.

ஆகவே இந்தப் பள்ளிகள் தீண்டாமையின் விளைவு. அதே வேளையில் தீண்டாமைக்கு எதிராக எழுந்த நிறுவனங்களும் கூட. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்க்காத எந்தச் சீரமைப்பும் தவறாகவே முடியும். தனிப் பள்ளி என்றென்றும் தனியாகவே இருக்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. 'ஆதிதிராவிடர் நலப் பள்ளி' என்று மாற்றுச் சான்றிதழில் அச்சாகும் பெயரே பிள்ளையின் சாதியைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பெயர் போக வேண்டும். பெயரோடு சேர்த்து எவையெல்லாம் போகப்போகின்றன என்பதே நமது கேள்வி.

2023 மார்ச் 20 அன்று தாக்கல் செய்யப்பட்ட நிதிநிலை அறிக்கையில், வெவ்வேறு துறைகள் நடத்தும் பள்ளிகள் அனைத்தும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வரும் என்று அறிவிக்கப்பட்டது. அப்போது ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் மட்டும் 1,138 இருந்தன. அவற்றில் 833 தொடக்கப் பள்ளிகள். தலித் அமைப்புகளும் ஆசிரியர் சங்கங்களும் எதிர்ப்புத் தெரிவித்தன. எதிர்த்தவர்களைப் பிரிவினை பேசுகிறவர்கள் என்று சிலர் ஏளனம் செய்தார்கள். இவர்கள் அமெரிக்க வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறப் பாகுபாட்டுப் பள்ளிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மாபெரும் தீர்ப்பு அது. ஆனால் தென் மாநிலங்களில் இணைப்பு நடந்தபோது மூடப்பட்டவை கறுப்பினப் பள்ளிகள். வேலை இழந்த பல்லாயிரம் பேர் கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும். வெள்ளையர் பள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. கறுப்பினப் பிள்ளைகள்தான் இடம் மாறினார்கள். இணைப்பின் சுமை முழுவதையும் ஒடுக்கப்பட்டவர் தலையிலேயே ஏற்றி வைத்தார்கள்.

அதேதான் இங்கும் நடக்கும் வாய்ப்பு இருக்கிறது. இணைப்பு என்றால் சேரிப் பள்ளியைப் பூட்டிவிட்டு ஊர்ப் பள்ளிக்குப் போகச் சொல்வது என்றுதான் எல்லோரும் இயல்பாக எண்ணிக்கொள்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் சேரியில் இருக்கும் பள்ளிக்கு வரட்டும் என்று எந்த ஒன்றியக் கூட்டத்திலாவது தீர்மானம் வந்திருக்கிறதா? சேரிப் பள்ளிக்கு நல்ல கட்டடமும் விளையாட்டுத் திடலும் இருந்தாலும் ஊர்ப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பது அதிகாரிக்குத் தெரியும். தெரிந்தே, சாதிக்கு வளைந்துகொடுத்து, அதை நிர்வாக வசதி என்று எழுதிவைக்கிறார்.

மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்ற வாதத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 2019-இல் பிள்ளைகள் இல்லாத 46 பள்ளிகள் நூலகங்களாக மாற்றப்பட்டன. 2025-இல் இருநூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை என்று தெரியவந்தது. பிறப்பு விகிதம் குறைந்தது ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் எல்லாவற்றையும் பிறப்பு விகிதத்தின் மீது போட முடியாது. வசதியும் சாதிச் செருக்கும் உள்ள குடும்பங்கள் பிள்ளைகளை மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றிவிடுகின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீடு, அரசுப் பணத்திலேயே தனியார் பள்ளிக்குப் போக வழி செய்கிறது. கடைசியில் ஒன்றியப் பள்ளியில் மிஞ்சுவது கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள். பிறகு அதற்கும் 'காலனிப் பள்ளி' என்று பெயர் விழுகிறது. அந்தப் பெயரே மேலும் சிலரை விரட்டுகிறது. அதன் பிறகு வரும் அதிகாரி வருகைப் பதிவேட்டைப் பார்த்து, இணைக்கப் பரிந்துரைக்கிறார்.

தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டுக் கல்வி உரிமை விதி. வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆறு வயது தலித் பெண் குழந்தைக்கு அந்த ஒரு கிலோமீட்டர் ஊர்த்தெருவைக் கடந்து போகிறது. திருவிழாவில் தகராறு, கொடிக்கம்பத்தில் தகராறு, ஒரு காதல் திருமணம் என்று ஏதாவது நடந்துவிட்டால் அந்தத் தெருவில் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் அஞ்சுவார்கள். கிள்ளைப் பகுதி இருளர் குடும்பங்களில், பள்ளி கொஞ்சம் தள்ளிப் போனாலே பிள்ளை படிப்பை விட்டு மீன்பிடிக்கப் போய்விடும். கொள்ளிடமும் வெள்ளாறும் பெருகும் மழைக்காலம் வேறு. இவையெல்லாம் தூரக் கணக்கில் சேர வேண்டும்.

மூன்றாவது யோசனை நமக்கு மதிப்புள்ள இடத்திலிருந்து வந்தது. நாங்குநேரியில் தலித் மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூன் 18 அன்று அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது, ஒரு பகுதியின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமை ஆசிரியராகவோ கல்வி அலுவலராகவோ போடக் கூடாது என்ற பரிந்துரைகளை நாம் முழுமையாக வரவேற்கிறோம். ஆனால் தொடக்கப் பள்ளிகளில் பணியாளரை நியமிப்பது முதல் நீக்குவது வரையான அதிகாரத்தை ஊராட்சி ஒன்றியங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஆதிக்கச் சாதி அலுவலர் ஆபத்து என்றால், அதே சாதியின் வாக்குகளை நம்பி நிற்கும் ஒன்றியக் குழு ஆபத்தில்லையா?

புவனகிரி அருகே தெற்குத் திட்டையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலித் பெண் ஊராட்சித் தலைவர், மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். 2020 அக்டோபரில் படம் வெளியான பிறகே வழக்கும் கைதும் பணியிடை நீக்கமும் நடந்தன. பட்டியல் சாதித் தலைவர்கள் சுதந்திர நாளில் கொடியேற்றுவதை யாரும் தடுக்கக் கூடாது என்று 2022-இல் தலைமைச் செயலாளரே கடிதம் எழுத வேண்டியிருந்தது. தலைவருக்கே நாற்காலி கொடுக்காத மன்றம், தலித் சத்துணவுச் சமையலரையும் தலித் ஆசிரியையையும் எப்படி நடத்தும்? கிராமத்தை அண்ணல் அம்பேத்கர் 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் ஏன் அவ்வளவு கடுமையாக விமர்சித்தார் என்பதற்குத் தெற்குத் திட்டை ஒரு சான்று.

அதற்காக எல்லா அதிகாரமும் சென்னைக் கோட்டையிலேயே இருக்கட்டும் என்று நாம் சொல்லவில்லை. கல்வி, அரசமைப்பின் 11-ஆம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கு உரிய பொருள்களில் ஒன்று. உள்ளாட்சி இடஒதுக்கீடு பல போராட்டங்களுக்குப் பின் கிடைத்த உரிமை. அந்த உரிமையையே அரசுகள் இழுத்தடிக்கின்றன. 2016 முதல் 2019 வரை தேர்தலே இல்லாமல் தனி அலுவலர்கள் ஊராட்சிகளை நடத்தினார்கள். கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிய, மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் பள்ளியை மூடும், இணைக்கும் முடிவுகளை எடுப்பது மோசடி.

கிராமத்தைத் திட்டமிடுவது அரசுக்குத் தெரியாத வேலை அல்ல. 1997-இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம் திட்டத்தில் நூறு வீடுகளில் 40 தலித்துகளுக்கு, மற்றவை பிற சமூகங்களுக்கு என்று வகுத்து, எல்லோரும் அடுத்தடுத்துக் குடியிருக்க வேண்டும் என்று விதித்தார்கள். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கும் அறிவிப்பு வந்தது. சொல்லை நீக்கினால் மட்டும் போதாது. அந்த இடத்துக்கு ஊரே வந்து போக வேண்டிய ஒரு காரணத்தை அரசு உருவாக்க வேண்டும். அதற்குப் பள்ளியைவிடப் பொருத்தமானது வேறில்லை.

எனவே நமது கோரிக்கைகள் இவை:

ஓர் ஊராட்சியில் இரண்டு பள்ளிகளை இணைப்பதென்றால், இணைந்த பள்ளி சேரியிலோ இரு பகுதிக்கும் நடுவிலான பொது இடத்திலோ இருக்க வேண்டும். சேரிப் பள்ளியின் நிலமும் கட்டடமும் வேறு பயனுக்குப் போகக் கூடாது.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் ஆசிரியர் பணியிடங்கள், விடுதிகள், துணைத்திட்ட நிதி ஆகியவை இணைப்புக்குப் பிறகும் குறையாது என்பதை அறிவிப்பாக அல்லாமல் சட்டமாகத் தர வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் கிராம சபையும் கூடாமல் எந்தப் பள்ளியையும் மூடக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பட்டியல் சாதி, பழங்குடிப் பெற்றோரின் ஒப்புதல் தனியாகப் பதிவாக வேண்டும்.

ஒன்றியங்களுக்கு அதிகாரம் கொடுக்கும் முன், பாகுபாடு காட்டும் மன்றத்திடமிருந்து அதைத் திரும்பப் பெறும் விதி வேண்டும்.

சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியும், கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், திட்டக்குடி சட்டமன்றத் தொகுதிகளும் தனித் தொகுதிகள். இங்கு வாக்குக் கேட்டு வரும் எல்லாக் கட்சிகளும் சகஜானந்தருக்கும் இளையபெருமாளுக்கும் மாலை போடுகின்றன. அந்தக் கட்சிகளிடம் தோழர்கள் இந்த நான்கு கோரிக்கைகளையும் வைத்து எழுத்துப்பூர்வமான பதிலைக் கேளுங்கள். அடுத்த கிராம சபையில் உங்கள் ஊர்ப் பள்ளி எங்கே நிற்கிறது என்ற கேள்வியை முதல் பொருளாக எழுப்புங்கள்.