குளிர் குறைந்தால் கேஸ் தீர்ந்ததா?

தமிழ்நாட்டுப் பேக்கரிகளிலும் இனிப்பகங்களிலும் உணவகங்களிலும் உள்ள கண்ணாடிக் குளிர்ப்பெட்டியில் குளிர்ச்சி சற்றே தளர்ந்தவுடன் முதலில் கேட்கும் விளக்கம், ‘கேஸ் தீர்ந்திருக்கும், அடித்துவிட்டால் சரியாகிவிடும்’ என்பதே ஆகும். கடைக்காரரும் மெக்கானிக்கும் ஒருசேர நம்பும் இக்கருத்துக்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்றுகள் மூன்று: பெட்டி பழசாகப் பழசாகக் கேஸ் செலவாகிறது, கேஜ் மாட்டிப் பார்த்தால் அழுத்தம் குறைவாக இருக்கிறது, கேஸ் அடித்த பிறகு பெட்டி உண்மையிலேயே குளிர்கிறது.

முதற்சான்றின் பிழைக்குப் பாதிக் காரணம் அந்தச் சொல்லே. அடுப்புக்கு வரும் எரிபொருளையும் குளிர்ப்பெட்டிக்குள் ஓடும் குளிர்பதனப் பொருளையும் ‘கேஸ்’ என்ற ஒரே சொல்லால் அழைப்பதால், முன்னது எரிந்து தீர்வதைப் போலப் பின்னதும் தீரும் என்ற எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது. குளிர்பதனப் பொருளோ பெட்டியின் உட்புறக் காயிலில் கொதித்து ஆவியாகும்போது உணவின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, கம்ப்ரஸரால் அழுத்தப்பட்டு, வெளிப்புறத்திலுள்ள கன்டென்சரில் அவ்வெப்பத்தை விட்டுத் திரவமாகி, கேபிலரி எனப்படும் மிக நுண்ணிய செப்புக் குழாய் வழியே அழுத்தம் இழந்து மீண்டும் உட்காயிலுக்கே திரும்புகிறது. பற்றவைத்து மூடப்பட்ட இச்சுற்றில் அது செலவாக வழியே இல்லை. அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு. அதிர்வினால் குழாய்கள் உரசித் தேய்வதாலும், மூடாமல் வைத்த ஊறுகாய், வினிகர் போன்றவற்றின் அமில ஆவி செப்புக் காயிலை அரிப்பதாலும் கசிவு ஏற்படுவது உண்மையே. அவ்வாறாயின் செய்யவேண்டியது கசிவைத் தேடி அடைப்பது. அடைக்காமல் அடித்த கேஸ் வந்த வழியே போய்விடும். ஆண்டுதோறும் கேஸ் அடிக்கப்படும் பெட்டி ஆண்டுதோறும் பழுதுபார்க்கப்படாமல் விடப்பட்ட பெட்டிதான்.

கேஜ் காட்டும் குறைந்த அழுத்தம் இதைவிடச் சிக்கலானது. அது பொய் சொல்வதில்லை, ஆனால் முழுவதும் சொல்வதில்லை. உட்காயிலின் தகடுகளுக்கிடையே பனிக்கட்டி அடைத்துக்கொண்டால் காற்று ஊடுருவ முடியாமல் போகிறது. வெப்பம் வந்து சேராததால் உள்ளே போதிய அளவு கொதித்தல் நிகழாது, கம்ப்ரஸருக்குச் செல்லும் உறிஞ்சுகுழாயின் அழுத்தமும் தாழ்ந்துவிடும். கேஸ் குறைந்தாலும் இதே அழுத்தம், காயில் உறைந்தாலும் இதே அழுத்தம். சிறிய பெட்டிகளில் கேஜ் மாட்டுவதற்கான குழாய் பெரும்பாலும் தாழ்ந்த அழுத்தப் பக்கத்தில் மட்டுமே இருப்பதால், கன்டென்சரில் தூசி அடைத்து மறுபக்க அழுத்தம் ஏறியிருந்தாலும் மெக்கானிக்கின் கண்ணில் அது படுவதில்லை. இந்நிலையில் ஏற்றப்படும் கூடுதல் கேஸ், பனி உருகிய பிறகு மிகையாகி, திரவமாகவே கம்ப்ரஸருக்குள் புகுந்து அதைச் சேதப்படுத்தக்கூடும். கேபிலரிப் பெட்டிகளில் மிகையைச் சேமித்துவைக்கத் தனிக் கலன் கிடையாது என்பதால், நிரப்பவேண்டிய அளவைத் தயாரிப்பாளர் கிராம் கணக்கில் அச்சிட்டிருப்பார். அதை அழுத்தத்தைப் பார்த்தோ கையால் தொட்டுப் பார்த்தோ மதிப்பிட முடியாது, தராசில் நிறுத்தே ஏற்றவேண்டும்.

கேஸ் அடித்ததும் குளிர்கிறதே என்ற கேள்விதான் எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம், அதற்கு நேரடியான பதில் தேவை. மெக்கானிக் வேலை செய்யும் சில மணிநேரம் பெட்டி அணைக்கப்பட்டு, சரக்கு வெளியே எடுக்கப்பட்டு, கதவு திறந்து கிடக்கிறது. அதற்குள் காயிலின் பனி முழுதும் உருகி வடிந்துவிடுகிறது. போகிற போக்கில் கன்டென்சரும் பிரஷ்ஷால் தட்டிவிடப்படுகிறது. மாலையில் பெட்டி குளிர்வதற்கு இவ்விரண்டே போதும். பாராட்டு மட்டும் கேஸுக்குப் போகிறது. பத்து நாளில் பனி மீண்டும் அடைத்துக்கொண்டால், ‘கேஸ் நிற்கவில்லை’ என்று பேச்சு வருகிறது.

அப்படியானால் பனி ஏன் அடைக்கிறது, வெப்பம் ஏன் வெளியேற மறுக்கிறது என்பதற்கான விடை பெரும்பாலும் பெட்டிக்குள் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. காட்சிக் குளிர்ப்பெட்டிகளைச் சோதிப்பதற்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 23953, சுற்றுப்புறத்தைத் தட்பவெப்ப வகுப்புகளாகப் பிரிக்கிறது: மூன்றாம் வகுப்பு 25 டிகிரி செல்சியஸும் 60 விழுக்காடு ஈரப்பதமும் கொண்டது, ஏழாம் வகுப்பு 35 டிகிரியும் 75 விழுக்காடும் கொண்டது. காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். மூன்றாம் வகுப்புக் காற்றுக்கு அது ஏறத்தாழ 17 டிகிரி, ஏழாம் வகுப்புக்கு ஏறத்தாழ 30 டிகிரி. ஏழாம் வகுப்பை ஒத்த காற்றுள்ள, ஏசி இல்லாத கடலோரக் கடையில் மூன்றாம் வகுப்புப் பெட்டியை வைத்தால், 28 டிகிரியில் இருக்கும் கண்ணாடிகூட வியர்க்கும். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே புகும் ஈரம் காயிலில் பனியாகும். தானாகப் பனி உருக்கும் அமைப்பு அந்த ஈரத்துக்கு ஈடுகொடுப்பதற்காக அமைக்கப்பட்டதன்று.

இடத்தேர்வில் நேரும் பிழைகள் பல. டீ பாய்லருக்கும் பரோட்டாக் கல்லுக்கும் அருகே நிறுத்தப்பட்ட பெட்டியின் கன்டென்சர் சூடான காற்றையே மீண்டும் மீண்டும் உறிஞ்சுகிறது. எண்ணெய்ப் புகையும் மைதாத் தூசியும் சேர்ந்து அதன் தகடுகளில் கம்பளிபோல் படிந்து, பிரஷ் பட்டாலும் உதிராத பிசுக்காகின்றன. முன்புறம் திறந்த அடுக்குப்பெட்டிகளைக் காப்பது மேலிருந்து கீழிறங்கும் குளிர்காற்றுத் திரை ஒன்றுதான். மேற்சொன்ன சோதனையில் பெட்டியின் முன்னே நொடிக்கு 0.2 மீட்டருக்கு மேல் காற்று வீசுவதில்லை. கடைகளிலோ தலைக்கு மேல் சீலிங் ஃபேன் சுழன்று அத்திரையைக் கலைத்தபடி இருக்கும். உள்ளே ஏற்றக்கோட்டைத் தாண்டிப் பால் பாக்கெட்டுகளை அடுக்குவதும், காற்று திரும்பும் துவாரத்தின் முன்னே கூல்டிரிங்க் கிரேட்டைச் சாய்த்துவைப்பதும் இதே வகைப் பிழைகளே.

இவற்றோடு, சூடான குழம்புப் பாத்திரத்தை அப்படியே உள்ளே வைக்கும் வழக்கமும் உண்டு. இவ்வகைப் பெட்டி குளிர்ந்த உணவை 5 டிகிரிக்குள் வைத்திருக்கவே அமைக்கப்பட்டது. சூட்டைத் தணிக்க வேறு கருவி உண்டு, இல்லையேல் உணவை ஆழமற்ற தட்டுகளில் பரப்பி ஆறவைக்கலாம்.

கேஸ் அடிப்பதைச் சிறு செலவு என்று தள்ளிவிடவும் முடியாது. பழைய பெட்டிகள் பலவற்றிலுள்ள ஆர்-404ஏ, புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைப் போல ஏறக்குறைய 3,900 மடங்கு வலிமையுடையது. இத்தகைய பொருள்களைப் படிப்படியாகக் குறைக்கும் 2016ஆம் ஆண்டின் கிகாலித் திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது. புதிய பெட்டிகளில் வரும் ஆர்-290 புரோப்பேன், அதாவது உண்மையிலேயே எரியும் கேஸ். 2019 வரை பன்னாட்டுப் பாதுகாப்புத் தரநிலை அதை ஒரு சுற்றுக்கு 150 கிராமுக்கு மேல் அனுமதிக்கவில்லை. இவ்வளவு சிறிய அளவில், கேஜின் ஹோஸைக் கழற்றும்போது வெளியேறும் சில கிராமே கணக்கை மாற்றிவிடும். ஆகவே கேஸ் அடித்த ரசீதில் தொகை மட்டுமன்றிப் பழைய கேஸ் எத்தனை கிராம் எடுக்கப்பட்டது, கசிவு எந்த இடத்தில் அடைக்கப்பட்டது, புதிதாக எத்தனை கிராம் நிறுத்து ஏற்றப்பட்டது ஆகிய மூன்றையும் எழுதித் தருமாறு கடைக்காரர் கேட்கலாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான எண், பெட்டியின் பின்புறத் தகட்டில் பிசுக்குக்கு அடியில் அச்சாகியே இருக்கிறது.