திண்ணையோரத்துச் சின்ன மிதிவண்டி



நம் ஊர்ப்பக்கத்து வீடுகளில் எதையும் எளிதில் விற்றுவிடுவோம். ஓட்டைக் குடம், உடைந்த நாற்காலி, கிழிந்த புத்தகம் எல்லாம் பழைய இரும்புக்காரரின் தராசில் ஏறிவிடும். ஆனால் ஒரு பொருள் மட்டும் பல வீடுகளில் ஏறாமல் நிற்கும். அது மகள் சிறுமியாக இருந்தபோது ஓட்டிய சின்ன மிதிவண்டி.

அதன் கோலத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். கைப்பிடியின் இரு முனைகளிலும் பிளாஸ்டிக் குஞ்சங்கள். சக்கரக் கம்பிகளில் கோத்த சிவப்பு, பச்சை மணிகள். மணியின் மேல் செருகிய மயிலிறகு. திருவிழாக் கடையில் வாங்கிய காகிதக் காற்றாடி. பாட்டியின் பழைய புடவையிலிருந்து கிழித்துச் சுற்றிய சரிகைக் கரை. மட்கார்டில் கோணல்மாணலாக எழுதிய பெயரின் முதலெழுத்து. சில பிள்ளைகள் கம்பியில் ஒரு பலூனைக் கட்டி, மோட்டார் வண்டியின் ஓசையை எழுப்பித் தெருவையே கலக்குவார்கள். பத்து வயதுக் கற்பனைக்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவைப்படுவதில்லை.

இந்தச் சின்ன வண்டியை விற்கத் தந்தைக்கு ஏன் மனம் வருவதில்லை? குழந்தை நடக்கப் பழகிய நாளைப் பெற்றோர் துல்லியமாக நினைவில் வைத்திருப்பதில்லை. அது சிறிது சிறிதாக நிகழ்ந்துவிடுகிறது. மிதிவண்டி பழகிய நாளோ அப்படியன்று. கேரியரைப் பிடித்துக்கொண்டு தந்தை பின்னால் ஓடுகிறார். "அப்பா, விட்டுவிடாதீர்கள்" என்று மகள் கத்துகிறாள். "விடமாட்டேன், முன்னே பார்த்து மிதி" என்று சொல்லிக்கொண்டே அவர் கையை எடுத்துவிடுகிறார். பத்து கெஜம் போன பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது, தன்னை யாரும் பிடித்திருக்கவில்லை என்பது. தந்தையின் வாழ்வில் மகளைத் தன் கையிலிருந்து முதன்முதலாக விடுவித்த நொடி அது. அந்த நொடியைத்தான் அவர் திண்ணையோரத்தில் சாய்த்து வைத்திருக்கிறார்.

இந்த இனிய நினைவுக்கு நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் வேறொரு முகமும் உண்டு. நாற்பது வயதைத் தொடும் வாசகியரே, உங்களில் சிலர் உங்கள் மிதிவண்டியைக் காட்டிலும் உங்கள் தாயாரின் மிதிவண்டியை நன்றாக நினைவில் வைத்திருப்பீர்கள்.

1991ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறியாத மக்களுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பது அதன் நோக்கம். அப்போது மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஊர் ஊராகச் சென்று கற்பிக்க வேண்டிய பெண் தொண்டர்கள் பேருந்துக்காகக் காத்திருந்தால் வேலை நடக்குமா? யாராவது ஆண்மகன் கொண்டுவந்து விடட்டும் என்றிருந்தால், மாலை வகுப்பு முடிந்து திரும்புவது எப்படி? ஆகவே மிதிவண்டி ஓட்டப் பழகுவதும் எழுத்தறிவின் ஒரு பாடமாயிற்று. தொண்டர்கள் பழகினார்கள், அவர்களைப் பார்த்துப் பாடம் படிக்க வந்த பெண்களும் பழக விரும்பினார்கள். பெண்கள் மிதிவண்டி வாங்க வங்கிகள் கடன் தரவேண்டும் என்று ஆட்சித் தலைவர் வலியுறுத்தினார்.

பிறகு நடந்ததை நாடே வியந்து பார்த்தது. வயல் வேலை செய்வோர், கல்லுடைப்போர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள், செவிலியர் என்று பெண்கள் கூட்டம் கூட்டமாக மிதிவண்டி பழகினார்கள். 1992ஆம் ஆண்டு அனைத்துலகப் பெண்கள் தினத்தையொட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள், கைப்பிடியில் கொடிகளைக் கட்டி, மணியை அடித்துக்கொண்டு, புதுக்கோட்டை நகரில் பேரணியாகச் சென்றனர். குஞ்சமும் கொடியும் கட்டும் ஆசை சிறுமியருக்கு மட்டும் உரியதன்று என்பதை நகரம் அன்று கண்டுகொண்டது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இங்கு வந்து, இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஏறத்தாழ ஒரு இலட்சம் ஊரகப் பெண்கள் மிதிவண்டி பழகியதாக அவர் குறிப்பிடுகிறார். 1996இல் வெளிவந்த அவருடைய நூலில் அக்கட்டுரை இடம்பெற்றது. பின்னர் இந்தியிலும் மொழிபெயர்க்கப்பட்டு, வடநாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமாயிற்று.

அக்கட்டுரையில் ஒரு செய்தி உண்டு. பெண்களுக்கான வண்டிகள் கடையில் கிடைக்காமல் போனதால், பலர் ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கினார்கள். சிலர் அதையே விரும்பியும் வாங்கினார்கள். காரணம், இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே உள்ள குறுக்குக் கம்பி. அதில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா! பின்னால் தண்ணீர்க் குடமோ விளைபொருளோ, முன்னால் குழந்தை, நடுவில் தாய். ஒரு குடும்பமே இரண்டு சக்கரங்களில் நகர்ந்தது. அந்தக் குறுக்குக் கம்பியில் உட்கார்ந்து, தாயின் மூச்சுக்காற்று உச்சந்தலையில் பட, எதிர்காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு போன சிறுமியர்தாம் இன்று தாய்மாராக இருக்கிறார்கள்.

அன்று அந்தப் பெண்களைக் கேலி செய்தவர்களும் இருந்தார்கள். இது நம் மண்ணுக்கு மட்டும் உரிய குறையன்று. இன்றைய வடிவிலான மிதிவண்டி 1885இல் இங்கிலாந்தில் உருவாயிற்று. அடுத்த பத்தாண்டில் மேலைநாட்டுப் பெண்கள் அதில் ஏறியபோது, முகம் கோணிவிடும், உடல் கெட்டுவிடும் என்று மருத்துவர்கள் சிலரே அச்சுறுத்தினார்கள். எந்த முகமும் கோணவில்லை. கோணியதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முகங்களே.

இனி, நம் குடும்பங்களைப் பற்றிப் பேசவேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயக் குடும்பத்தில், நான் மேலே சொன்ன எல்லா அலங்காரங்களோடும் ஒரு சின்ன மிதிவண்டி நின்றது. வீட்டுக்காரர் வாரந்தோறும் அதைத் துடைப்பார். சங்கிலிக்கு எண்ணெய் விடுவார். "சாமி, இதைப் பார்த்தால் பிள்ளை இன்னும் எட்டு வயதிலேயே இருப்பதுபோல இருக்கிறது" என்பார். அவருடைய மகள் இப்போது மணமாகி வேறு ஊரில் வாழ்கிறார். விடுமுறைக்கு வந்திருந்தபோது இந்தப் பேச்சு எழுந்தது. மகள் புன்னகையோடு, ஆனால் தெளிவாக ஒன்று சொன்னார்: "அப்பா இதைத் துடைத்து வைப்பது எனக்கும் மகிழ்ச்சிதான், சாமி. ஆனால், நான் வளர்ந்துவிட்டதால் இதை விட்டுவிட்டேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் விடவில்லை. பன்னிரண்டு வயதில் நான் பெரியவளானதும் பூட்டிவைத்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தேன்."

வீட்டில் யாரும் பேசவில்லை. தந்தை கொடியவர் அல்லர். "ஊர் என்ன சொல்லும்" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டார்கள், அவர் பூட்டினார். மகள் மனத்தில் அந்தப் பூட்டு இருந்ததை அவர் அறியவில்லை. அவர் நினைவில் குஞ்சமும் காற்றாடியும் மட்டுமே இருந்தன. ஒரே வண்டி, இருவேறு நினைவுகள்! அந்த அம்மையாருக்கு இப்போது பத்து வயதில் ஒரு மகள் உண்டு. சில நாட்களுக்குப் பிறகு பெரியவர் அந்த வண்டிக்குப் புது டியூப் போட்டுப் பேத்தியிடம் கொடுத்தார். "உயரம் பற்றாமல் போனால் சொல்லு, பெரியது வாங்குவோம்" என்றார். மகளிடம் அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் கண்கள் கலங்கியதை மகள் கண்டுகொண்டார்.

பெற்றோரே, இதிலுள்ள பொருளைச் சற்றுச் சிந்தியுங்கள். பெண்பிள்ளையின் சின்ன வண்டிக்கு நாம் ஆசையோடு பூக்கட்டுகிறோம். அவளுக்கு மெய்யாகவே வண்டி தேவைப்படும் வயதில், உயர்நிலைப்பள்ளி தொலைவில் இருக்கும் வயதில், அதை நிறுத்திவிடுகிறோம். விளையாட்டுக்கு இருந்த சக்கரம் வாழ்க்கைக்கு இல்லாமற்போகிறது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்த்தவர்களும் உண்டு. பீகார் மாநிலத்தில் 2006ஆம் ஆண்டு முதல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்கு மிதிவண்டி வாங்க அரசு பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியல் அறிஞர்கள் இதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைக் கல்வியில் உரிய வயதில் சேர்ந்த பெண்பிள்ளைகளின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததை அவர்கள் கண்டார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பயன் மிகுதி. நம் தமிழ்நாட்டிலோ அதற்கு முன்பே, 2001ஆம் ஆண்டளவில், ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அது மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அரசு வண்டியைக் கொடுக்கலாம். வாசற்படியைத் தாண்டி அதை ஓட்டும் உரிமையைக் கொடுக்க வேண்டியது குடும்பமே.

"காலம் கெட்டுக் கிடக்கிறதே, எப்படி அனுப்புவது?" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. அஞ்சுவது அன்பின் அடையாளம். பூட்டிவைப்பது அதன் மருந்தன்று. பிரேக் பிடிக்கிறதா, இரவில் பின்னால் ஒளிரும் சிவப்பு வில்லை இருக்கிறதா என்று தந்தை பார்க்கட்டும். ஒரே தெருப் பிள்ளைகள் நால்வர் ஐவராகச் சேர்ந்து போகட்டும். தொந்தரவு செய்பவன் எவனேனும் இருந்தால், கண்டிக்க வேண்டியது அவனை. வண்டி பறிபோக வேண்டியது அவளிடமிருந்து அன்று. வழியில் நேர்ந்ததை வீட்டில் சொன்னால் வண்டி போய்விடும் என்று அஞ்சும் பிள்ளை, எதையும் சொல்லமாட்டாள். சொல்லலாம் என்று அவள் நம்பும் வீடே அவளுக்குப் பாதுகாப்பு.

தாய்மாரே, உங்களுக்கும் ஒரு சொல். முப்பதிலும் நாற்பதிலும் மிதிவண்டி பழகிய பெண்கள் நம் மாவட்டத்தில் இன்று பாட்டிமாராக இருக்கிறார்கள். அந்தக் கதையைப் பேத்திகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை முறை விழுந்தார்கள், யார் சிரித்தார்கள், முதன்முதலில் தனியாக எந்த ஊருக்குப் போனார்கள் என்று கேளுங்கள். அந்தக் கதைகள் எழுதப்படாமல் அவர்களோடு போய்விடக்கூடாது.

சின்ன வண்டியைப் பாதுகாப்பவர்கள் பாதுகாக்கட்டும், அதில் குற்றமில்லை. அதைப் பழுது பார்த்து, வண்டியில்லாத ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பவர்கள் இன்னும் பெருமைக்குரியவர்கள். எப்படியாயினும், உங்கள் மகளிடம் ஒருநாள் அமைதியாகக் கேளுங்கள்: "அந்த வண்டியைப் பார்த்தால் உனக்கு என்ன நினைவு வருகிறது, அம்மா?" அவள் சொல்லும் பதில் உங்கள் நினைவோடு ஒத்திருந்தால் மகிழுங்கள். ஒத்திராவிட்டால் குறுக்கிடாமல் கேளுங்கள். கேட்டபின் செய்ய வேண்டியது உங்களுக்கே விளங்கும்.