மழைக்கு முன் போடவேண்டிய ஊசி: உப்பளத்துக் குழந்தைகள் வரிசையில் எங்கே?

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தூத்துக்குடி உப்பளங்களில் வேலை நின்றுவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூலியற்ற மாதங்கள். இதை ஏற்றுக்கொண்டே தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் வழங்குகிறது. ஆர்.எஸ்.வி எனப்படும் சுவாசத் தொற்று வைரஸும் தென்னிந்தியாவில் மழைக்காலத்தை ஒட்டியே மிகுதியாகப் பரவுகிறது. கையில் காசில்லாத காலமும் கைக்குழந்தைக்கு மூச்சுத் திணறும் காலமும் ஒன்றாகவே வருகின்றன.

பெரியவர்களுக்குச் சாதாரணச் சளியாக வந்துபோகும் இந்த வைரஸ், பச்சிளங்குழந்தைகளின் நுண்ணிய மூச்சுக்குழல்களை வீங்கச் செய்து அடைத்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இத்தொற்றால் இறந்தனர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். அவ்விறப்புகளில் 97 விழுக்காடு ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் நிகழ்ந்தவை.

இதைத் தடுக்கும் மருந்து இன்று இருக்கிறது. நிர்செவிமாப் என்பது தடுப்பூசி அன்று. ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட எதிர்ப்பொருளை நேரடியாக உடலில் செலுத்தும் ஊசி. ஒரே தவணை ஏறத்தாழ ஐந்து மாதம் காக்கும். ஐரோப்பா 2022இலும் அமெரிக்கா 2023இலும் இதற்கு ஒப்புதல் அளித்தன. ஸ்பெயினின் கலீசியா மாநிலம் 2023-24இல் எல்லாக் கைக்குழந்தைகளுக்கும் இதை இலவசமாக வழங்கியபோது, மருத்துவமனைச் சேர்க்கை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது. அமெரிக்காவில் ஓர் ஊசியின் அறிமுக விலை 495 டாலர். நம் பணத்தில் 40,000 ரூபாய்க்கும் மேல்.

புதிய தடுப்பு மருந்துகள் இந்நாட்டில் எவ்வழியே இறங்கிவருகின்றன என்பதை நாம் அறிவோம். நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் இணைப்புத் தடுப்பூசி அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. இந்தியாவில் வசதி படைத்தோர் தனியார் மருத்துவமனைகளில் அதைப் போட்டுக்கொண்டனர். அரசுத் திட்டத்தில் அது 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021இல்தான் நாடு முழுவதும் எட்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் காத்திருந்தவை யாருடைய குழந்தைகள்?

குறைமாதப் பிறப்பு, எடைக்குறைவு, நெருக்கடியான ஒற்றை அறை வீடு, விறகடுப்புப் புகை, பேறுகாலம் முடிந்ததும் உப்பளத்துக்குத் திரும்ப வேண்டிய தாய்: ஆர்.எஸ்.வி கடுமையாகத் தாக்குவதற்கான சூழல்கள் இவை. இவற்றை ஒரே வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பது சாதி. தூத்துக்குடி மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். உப்பு வாரும் கைகளில் தலித் பெண்களின் கைகள் ஏராளம்.

அமெரிக்காவிலிருந்து ஒரு பாடம் உண்டு. அங்கே பூர்வகுடிக் குழந்தைகள் இத்தொற்றால் மருத்துவமனையில் சேர்க்கப்படும் விகிதம் மிக அதிகம் என்பது பல ஆண்டுகளாகப் பதிவுசெய்யப்பட்டு வந்தது. அதன் விளைவாக, 8 முதல் 19 மாதம் வரையிலான அச்சமூகக் குழந்தைகள் அனைவருக்கும் இரண்டாம் பருவத்திலும் இந்த ஊசியைப் போடவேண்டும் என்று 2023இல் பரிந்துரைக்கப்பட்டது. சமூக வாரியாகக் கணக்கெடுத்ததே முன்னுரிமையைப் பெற்றுத்தந்தது. நம் மருத்துவமனைப் பதிவேடுகளும் இக்கணக்கை வைத்தாக வேண்டும்.

கருவுற்ற தாய்க்கான தடுப்பூசி, குழந்தைக்கான எதிர்ப்பொருள் ஊசி ஆகிய இரண்டில் ஒன்றை எல்லா நாடுகளும் திட்டத்தில் சேர்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் பரிந்துரைத்துள்ளது. எதிர்ப்பொருள் மருந்தை உற்பத்தி செய்யும் ஆற்றல் இந்தியாவுக்கு உண்டு. வெறிநாய்க்கடிக்கான அத்தகைய மருந்தை சீரம் நிறுவனம் 2017இலேயே சந்தைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. பிரசவ வார்டிலேயே ஊசியைப் போட்டு அனுப்பலாம். மொத்தக் கொள்முதலுக்கு 1994 முதல் மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது.

எஞ்சியிருப்பது ஒரே முடிவு: யாருக்கு முதலில்? அரசு மருத்துவமனையில் பிறக்கும் குறைமாத, எடை குறைந்த குழந்தைகளிடமிருந்தும், உப்பளங்களிலிருந்தும், கடலோரக் குடியிருப்புகளிலிருந்தும் வரிசை தொடங்கட்டும். மழைக்கால உதவித்தொகை வழங்கும் அரசுக்கு, மழைக்கு முன் அந்த வீட்டுக் குழந்தையின் மூச்சைக் காப்பதும் கடமைதான்.