வாயிலில் நின்று வருந்தாதிருக்க

கத்தரிக்காய் வாங்குபவர் கையால் அழுத்திப் பார்த்து வாங்குகிறார். சேலை வாங்குபவர் முந்தானையை விரித்துப் பார்த்து வாங்குகிறார். நுழைவுச்சீட்டை அவ்வாறு பரிசோதிக்க இயலாது. ஏனெனில் அது ஒரு பொருளன்று. 'இன்ன நாளில் உம்மை உள்ளே அனுமதிப்போம்' என்னும் வாக்குறுதி. வாக்குறுதியின் பெறுமதி, அதைத் தந்தவரின் பெறுமதியே. இணையத்தில் மறுவிற்பனைச் சீட்டு வாங்க முற்படுவோர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டியது இதுவேயாகும்.

எம்மவர் குடும்பங்கள் பல இங்கிலாந்தில் வாழ்கின்றன. மாணவரும் உயர்கல்விக்காக அங்குச் செல்கின்றனர். ஆதலின் அந்நாட்டு நிகழ்ச்சியொன்றையே உதாரணமாகக் கொள்வோம். 2009 இற் பிரிந்துபோன ஒயாசிஸ் என்னும் மன்செஸ்ரர் இசைக்குழு, 2025 இல் மீண்டும் மேடையேறுவதற்கான சீட்டுக்களின் பொது விற்பனை 2024 ஓகஸ்ற் 31 ஆந் திகதி தொடங்கியது. இரசிகர்கள் மணிக்கணக்காகக் கணினி முன் காத்திருந்தனர். சீட்டை மறுவிற்பனை செய்வதாயின் ரிக்கற்மாஸ்ரர், ருவிக்கெற்ஸ் ஆகிய இரு தளங்களிலேயே, அதுவும் குறித்த விலைக்கே செய்யலாம் என்பது ஏற்பாட்டாளர் விதித்த நிபந்தனை. ஆயினும் வேறு தளங்களில் அச்சீட்டுக்கள் பன்மடங்கு விலைக்கு வந்தன. அங்ஙனம் சென்ற 50,000 இற்கு மேற்பட்ட சீட்டுக்களை இரத்துச் செய்யப்போவதாக ஏற்பாட்டாளர் பின்னர் அறிவித்தனர்.

இரத்துச் செய்யப்படுவது போலிச்சீட்டு மட்டுமன்று என்பதை இங்கே கவனித்தல் வேண்டும். உண்மையான சீட்டும், விதிக்கு மாறாகக் கைமாறினால், வெறுந்தாளாகிவிடலாம். அப்போது இழப்பது சீட்டின் விலை மாத்திரமன்று. புகையிரதக் கட்டணம், தங்குமிட வாடகை, எடுத்த விடுமுறை, உடன்வந்த பிள்ளையின் ஆவல் ஆகிய யாவும் வாயிலோடு முடிந்துவிடுகின்றன.

மறுவிற்பனையாளர் மூவகையினர். ஏற்பாட்டாளரின் ஒப்புதலுடன் குறித்த விலைக்கு விற்க இடமளிக்கும் தளங்கள் ஒருவகை. விற்பவர் கேட்கும் விலைக்கு இடமளிக்கும் வயாகோகோ போன்ற சந்தைகள் மற்றொரு வகை. முகநூலிலும் பிறவிடங்களிலும் 'எனக்குப் போக முடியவில்லை' என்று சொல்லி வரும் முன்பின் அறியாதோர் மூன்றாம் வகை. முதலாம் வகையில் ஆபத்துக் குறைவு. மூன்றாம் வகையில் மிக அதிகம். ஒரே சீட்டின் படத்தைப் பத்துப் பேருக்கு விற்கலாம். வாயிலிலுள்ள கருவியோ முதலில் வந்தவரையே உள்ளே விடும். கையில் இல்லாத சீட்டையே, பின்னர் வாங்கித் தரலாம் என்னும் துணிவில் விற்பாரும் உளர்.

ஆதலின், வாங்குமுன் நிகழ்ச்சி நடைபெறும் அரங்கின் தளத்துக்கோ, கலைஞரின் தளத்துக்கோ சென்று, மறுவிற்பனைக்கு எவ்விடம் அனுமதிக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். தேடுபொறியில் முதலில் தோன்றுவது விளம்பரமாக இருக்கலாம். முகவரிக்கு அருகிலுள்ள பூட்டுச் சின்னம், இடையில் எவரும் ஒட்டுப்பார்க்கவில்லை என்பதற்கு அடையாளமேயன்றி, விற்பவரின் நேர்மைக்குச் சான்றன்று. இங்கிலாந்தின் 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, மறுவிற்பனையாளர் சீட்டின் மூலவிலையையும், ஆசன விபரத்தையும், பயன்படுத்துவதற்கான கட்டுப்பாடுகளையும் தெரிவித்தல் வேண்டும். தெரிவிக்காதவரை விட்டு விலகுங்கள்.

பணத்தை வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பாதீர்கள். கடனட்டையாற் செலுத்துவதே நன்று. பிரித்தானியச் சட்டப்படி 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரையுள்ள பொருளுக்கு, விற்பவர் தவறினால் அட்டை வழங்கிய நிறுவனமும் பொறுப்பாகும். ஆனால் தளம் வெறும் இடைத்தரகராக நிற்குமிடத்து இப்பாதுகாப்புக் கிட்டாமற் போவதுண்டு. அவ்வேளையிலும், கொடுத்த பணத்தை மீட்டுத் தருமாறு வங்கியிடம் கோரும் வழி உண்டு.

அவசரப்படுத்துவதும் ஒரு வியாபார உபாயமே. 'இன்னும் சில சீட்டுக்களே உள' என்னும் அறிவிப்பைக் கண்டதும் கை தானாகவே பொத்தானை நாடுகிறது. எஞ்சிய சீட்டுக்கள் பற்றியும், விலை பற்றியும், தான் அதிகாரபூர்வ விற்பனையாளர் என்பது பற்றியும் நுகர்வோரை மயங்கச் செய்தமைக்காக, அவுஸ்திரேலிய சமஷ்டி நீதிமன்றம் 2020 இல் வயாகோகோ நிறுவனத்துக்கு 70 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நம் முன்னோர் சொன்னது கணினி முன் அமர்ந்திருப்போருக்கும் பொருந்தும்.

மூலவிலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைத் தடை செய்யப்போவதாக 2025 நவம்பரிற் பிரித்தானிய அரசாங்கம் அறிவித்தது. வரவேற்கத்தக்க முடிவே. எனினும், விலைக்கு வரம்பு கட்டுஞ் சட்டம் வஞ்சகரின் கைகளையும் கட்டிவிடும் என்று எண்ணலாகாது. நிகழ்ச்சி நெருங்க நெருங்க, போக முடியாதவர் பலர் அனுமதிபெற்ற தளங்களிலே தம் சீட்டை விடுவதுண்டு, பொறுத்திருந்து பாருங்கள். கிட்டாவிடின், ஒரு மாலைப் பொழுதின் இசைதான் போயிற்று. உழைத்த பணம் வீட்டிலே இருக்கிறது.