உதட்டுக்கு வட்டி

கம்பத்தில் ஒரு கல்யாண ஊர்வலம். பேண்டு செட்காரர் சட்டையில் ஐம்பது ரூபாய் நோட்டைக் குத்திவிட்டு, 'ஏத்துண்ணே... இன்னும் ஏத்து!' என்று கத்துகிறது கூட்டம். டிரம்பெட்டை உதட்டில் அழுத்தி, கழுத்து நரம்பு புடைக்க, அவரும் மேலே மேலே போகிறார். விசில் பறக்கிறது. எல்லாம் முடிந்து பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மேலுதட்டில் வட்டமாக ரத்தம் கட்டியிருந்தது. 'நாளைக்குச் சின்னமனூர்ல கோயில் விசேஷம்ணே... எப்படி வாசிக்கப் போறேனோ!' என்றார்.

விசிலடித்தவர்களில் நானும் ஒருத்தன்.

டிரம்பெட்டில் இருப்பது மூணே மூணு பிஸ்டன். எதையும் அமுக்காமலே ஸ, ப, மேல் ஸ என்று ஏறலாம். ஏற்றுவது விரல் இல்லை சார், உதடும் மூச்சும்! உதடு அதிர்ந்தால்தான் சத்தம். மவுத்பீஸால் நசுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து அதிர்வு செத்துப்போகும். உடனே இன்னும் அழுத்தம், இன்னும் காயம். உச்ச ஸ்வரங்களுக்குப் பேர்போன லூயி ஆம்ஸ்ட்ராங்கே 1930-களில் உதடு புண்ணாகி, டிரம்பெட்டைக் கீழே வைக்க வேண்டி வந்தது.

அப்படின்னா மேல் ஸ்தாயிக்கு எதுதான் வழி? கீழ் ஸ்தாயிதான். நீளமான கீழ் ஸ்வரங்களைத் தினமும் மெதுவாக ஊதணும். அரை அரை ஸ்வரமா ஏறணும். ஊதிய நேரத்துக்குச் சமமா ஓய்வு எடுக்கணும். அமெரிக்க வித்வான் ஹெர்பர்ட் கிளார்க் எழுதிய பயிற்சிப் புத்தகமே, 'சத்தமில்லாம வாசி' என்றுதான் பாடம் நடத்துகிறது. வருஷக்கணக்கில் சேர்கிற சேமிப்பு இது. நான் பி.காம். படித்தவன். முதலைத் தின்றுவிட்டு வட்டி கேட்டால் எந்த பேங்க் தரும்?

'காசு கொடுக்கிறோம்ல, ஏத்தினா என்ன?' என்பீர்கள். உச்சத்தில்தான் இசை இருக்கிறது என்றால், நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளை, சுருதி கூடின திமிரி நாயனத்தை விட்டுவிட்டு, சுருதி குறைந்த நீளமான பாரி நாயனத்தை ஏன் கையிலெடுத்தார்? கட்டை இறங்கியது, அவர் கீர்த்தி இறங்கலையே!

இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இருப்பது இதே பள்ளத்தாக்கில்தான். நல்ல பாட்டுக்கும் வெறும் கூச்சலுக்கும் வித்தியாசம் தெரியாத ஊரா இது?

அடுத்த ஊர்வலத்தில் நோட்டை நீட்டுங்கள், தப்பில்லை. கூடவே, 'கொஞ்சம் உக்காருங்கண்ணே... தண்ணி குடிங்க' என்று சொல்லுங்கள். பத்து நிமிஷம் ஊர்வலம் தாமதமானால் முகூர்த்தம் ஒண்ணும் ஓடிப்போகாது. அவர் உதடு போனால் அடுப்பு எரியாது.